கடையில் பாடும், வீட்டில் ஊமை

தெருவில் எல்லோரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். மற்றவர்கள் கதவைச் சாத்தும் நேரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவாள், பால் பாக்கெட் போடுகிறவன் வரும் நேரத்தில் திரும்புவாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இரவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த மகள் படித்து முடித்து, வேலை கிடைத்து வெளியூர் போன பிறகும் இவள் இரவை விடவில்லை. ராத்திரியில் பெரிய டாக்டர்கள் தொல்லை இல்லை, நோயாளிகள் மட்டும்தான் என்பாள்.

பகல் தூக்கம் திருடித் தின்கிற சாப்பாடு மாதிரி. எப்போது யார் பிடுங்குவார்கள் என்று தெரியாது. கொரியர்காரன் மணி அடிப்பான், பக்கத்து வீட்டில் சுவரைத் துளைப்பார்கள், பழைய பேப்பர்காரன் தொண்டை கிழியக் கத்துவான். ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை ஒட்டி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, இத்தனை வருடமாக அதையெல்லாம் அவள் சமாளித்துவிட்டாள். புருஷனை மட்டும் சமாளிக்க முடியவில்லை.

அவர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பட்டம் மட்டும் மிச்சம். தெருவில் இன்னும் அவர் சூப்பர்வைசர்தான். கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு இடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இவரோ நேற்று வரை அதட்டியவர், இன்று இன்னொருவன் அதட்டலைக் கேட்கமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தார். சும்மா உட்காரவும் தெரியாது. முதலில் வீட்டையே கம்பெனியாக்கிப் பார்த்தார். துடைப்பத்தை ஏன் இப்படிச் சாய்த்து வைத்திருக்கிறாய், தட்டை ஏன் அந்தப் பக்கம் அடுக்குகிறாய் என்று அவள் பின்னாலேயே திரிந்தார். அவள் ஒரு நாள் துடைப்பத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு அது நின்றது.

அடுத்து ஹோம் தியேட்டர் வந்து இறங்கியது. கூடத்தின் நாலு மூலைக்கும் ஸ்பீக்கர், டி.வி.க்குக் கீழே நடு ஸ்பீக்கர், தரையில் நெஞ்சை அதிர வைக்கிற ஒரு பெரிய பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் தலைவனாக அலமாரித் தட்டில் கறுப்பாக, கனமாக, அத்தனைக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு ரிசீவர். காலையில் அவள் படுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அதில் துப்பாக்கிச் சூடு ஆரம்பிக்கும். பஞ்சு சத்தத்தைக் கொஞ்சம் தடுத்தது, அதிர்வைத் தடுக்கவில்லை. கட்டில் கால் வழியாக ஏறி முதுகுக்கு வந்தது.

கேட்டுப் பார்த்தாள். அவர் ரிமோட்டை எடுத்து இரண்டு புள்ளி குறைப்பார், அவள் உள்ளே போனதும் மூன்று புள்ளி ஏற்றுவார். மாடியில் அவருடைய அக்கா குடியிருந்தாள், புருஷனை இழந்தவள், சிஸ்டருக்கு அண்ணி. தம்பி மேல் உயிர். அவளிடமும் முறையிட்டுப் பார்த்தாள்.

"ஆம்பள வீட்ல இருந்தா நாலு சத்தம் இருக்கத்தாம்மா செய்யும்" என்றாள் அண்ணி. "வேலை போன மனுஷன். நீயும் வாயடைச்சா அவன் எங்க போவான்?"

இப்படி இருக்கையில் ஒரு நாள் ரிசீவர் தானாகவே நின்றுபோனது. சுவிட்சைப் போட்டால் உள்ளே டிக் என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு சிமிட்டும், உடனே அணைந்துவிடும். சூப்பர்வைசர் தட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் தெரு முனையில் இருந்த ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தார். அவருக்கு சவுண்டு என்று பெயர். கடைப் பலகையில் அந்த வார்த்தை கொட்டை எழுத்தில் இருந்ததால் வந்த பெயர். மற்றபடி அவர் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது.

சவுண்டு எல்லா ஸ்பீக்கர் வயரையும் பின்னாலிருந்து கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். விளக்கு நின்று எரிந்தது. ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகினார். பின்பக்கத்து இடது ஸ்பீக்கரைச் சொருகியதும் டிக் என்று அணைந்தது. டார்ச் பிடிக்க ஆள் கேட்டார். சூப்பர்வைசருக்கு போன் வந்து வாசலில் நின்றதால் சிஸ்டர் பிடித்தாள். சவுண்டு வேலை செய்யும்போது தனக்குத்தானே முணுமுணுக்கிற ஜாதி. வயருக்குள் மயிர் போல மெல்லிய செம்புக் கம்பிகள் நிறைய இருக்கும், அதில் ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுவிட்டால் போதும், மெஷின் பயந்துபோய் வாயை மூடிக்கொள்ளும், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று வயரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். இழையை முறுக்கிச் சேர்த்தார். கூடத்தில் மறுபடியும் குண்டு வெடித்தது. சிஸ்டர் டார்ச்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அன்று அவள் மனதில் ஒன்றுமில்லை. எண்ணம் வந்தது சில நாள் கழித்து. வார்டில் ஒரு சின்ன வயசுப் பெண் விடியும் முன் இறந்துபோயிருந்தாள். அந்தப் பெண்ணின் அம்மா சிஸ்டரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். வீட்டுக்கு வந்து குளித்து, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் படுத்தாள். கூடத்துப் படத்தில் ஒருவன் இன்னொருவனைச் சுவரோடு வைத்து மோதிக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, இன்றைக்கு மட்டும் நிறுத்துங்கள் என்று காரணத்தோடு கேட்டாள்.

"தினமும் ஒருத்தர் சாகத்தான் செய்வாங்க. அதுக்கு நான் என்ன துக்கமா கொண்டாட முடியும்?" என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

படம் முடிந்து அவர் ரிசீவரை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவள் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். பையில் எப்போதும் ஒரு சின்ன இடுக்கி இருக்கும், தையல் பிரிக்கிற இடுக்கி. ஊசி போட்டுப் பழகிய கை. ஒரு இழையைப் பிரித்து, வளைத்து, பக்கத்து முனையைத் தொட வைத்தாள். பிறகு போய்ப் படுத்தாள். டிக் என்ற சத்தத்தையும் அதற்குப் பின்னால் வந்த கெட்ட வார்த்தையையும் கேட்டாள். அப்புறம் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒரே இடத்தில் செய்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று இடம் மாற்றினாள். ஒரு முறை ரிசீவர் பக்கம், ஒரு முறை ஸ்பீக்கர் பக்கம், ஒரு முறை டி.வி.யிலிருந்து வரும் கேபிளை இருந்த இடத்திலேயே இருக்கிற மாதிரிப் பாதி இழுத்து வைப்பது. அவர் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகும். இடம் விட்டு இடம் ஓடிக்கொண்டே இருக்கிற ஃபால்ட்.

அவள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. சூப்பர்வைசர் மாறிப்போனார். பரணிலிருந்து கம்பெனி ஸ்க்ரூடிரைவர் பெட்டி இறங்கியது. காலையில் சவரம் செய்துகொண்டார். ஒவ்வொரு வயருக்கும் கலர் டேப் ஒட்டினார். சாப்பிட உட்கார்ந்தால் மின்தடையை அளக்கிற ஓம் என்றால் என்ன, சின்ன சைஸ் வயர் ஏன் சூடாகும் என்று அவளிடம் விளக்கினார். கம்பெனி மூடிய பிறகு அவர் இத்தனை சொற்கள் பேசியதே இல்லை. அலமாரிக்குப் பின்னால் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மெல்ல விசில் அடித்தார். அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அவளுக்குத் தூக்கம் கிடைத்தது. இப்படியே ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் அவருக்கு வேலை மட்டும் போதவில்லை, குற்றவாளியும் வேண்டியிருந்தது. தன் கையில் தப்பு வராது என்பதால் தப்பு சவுண்டின் கையில்தான் இருக்க வேண்டும். சவுண்டு மூன்று நாலு தடவை வந்துபோனார். ஒருமுறை ரிசீவரையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பல நாள் ஓடவிட்டுப் பார்த்தார். அங்கே அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த மறுநாளே வாய் மூடியது.

"கடையில பாடுது, வீட்ல ஊமையாவுது. எப்படி? உள்ள இருந்த நல்ல சாமானை உருவிட்டான்" என்று சூப்பர்வைசர் தெருவில் நின்று சொன்னார். சும்மா சொல்லவில்லை, கடை வாசலிலேயே போய், நாலு பேர் நிற்கும்போது சொன்னார். திருடன் என்றார். சவுண்டின் பதில் வழக்கம்போல் யாருக்கும் கேட்கவில்லை; அதனால் அவர் பதிலே சொல்லவில்லை என்று ஆகிவிட்டது. அண்ணி தன் பங்குக்கு மாவு மில்லிலும் காய்கறிக் கடையிலும் செய்தியைச் சேர்த்தாள். மிக்ஸி கொடுத்திருந்த ஒரு வீட்டுக்காரர் ரிப்பேர் ஆகும் முன்பே திருப்பி வாங்கிக்கொண்டு போனாராம். இதைக் கேட்ட அன்று சிஸ்டருக்குத் தூக்கம் வரவில்லை, வீடு அமைதியாக இருந்தும். இனிமேல் தொடக்கூடாது என்று முடிவெடுத்தாள். இரண்டு நாள் சத்தத்தைப் பொறுத்தாள். மூன்றாம் நாள் மறுபடியும் கை போனது.

அந்தத் தடவை சூப்பர்வைசர் இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று சவுண்டைக் கடையிலிருந்து கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தார். சாட்சிக்கு அக்காவையும் மாடியிலிருந்து கூப்பிட்டார். சிஸ்டர் அறைக் கதவருகே நின்றாள்.

சவுண்டு அலமாரிக்குப் பின்னால் போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது தலையில் ஒட்டடை. கையில் ஒரு வயரின் முனை. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது தானா பிரிஞ்சது இல்ல. இடுக்கியால புடிச்சு வளைச்சிருக்கு. தடம் இருக்கு பாருங்க. யாரோ வேணும்னு பண்ணது."

அவர் வயரைத்தான் பார்த்தார், யாரையும் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே நின்றதால் அத்தனை பேருக்கும் அது கேட்டது. சூப்பர்வைசர் பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். யாரோ இல்லை, நீதான், திரும்பத் திரும்ப உனக்கு வேலை வர வேண்டும் என்று நீயே பண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று கத்தினார். போலீஸ் என்றார். அண்ணி, ஆமாம், கூப்பிடு என்றாள். சவுண்டின் சட்டையில் ஒரு பொத்தான் தெறித்துத் தரையில் உருண்டது.

"அவரை விடுங்க. நான்தான் பண்ணேன்" என்றாள் சிஸ்டர்.

சூப்பர்வைசர் முதலில் சிரித்தார். ஆளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் பையைத் திறந்து இடுக்கியை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தாள். அவர் கை காலரிலிருந்து நழுவியது.

"எத்தனை தடவ?"

"மொதத் தடவை அதுவா போச்சு. மத்ததெல்லாம் நான்தான்."

"நான் பின்னாடி படுத்துக்கிட்டு, டார்ச்சைக் கவ்விக்கிட்டு, நாய் மாதிரி மோந்து மோந்து தேடுனேனே... நீ உள்ள படுத்துக்கிட்டு சிரிச்சியா?"

"இல்லங்க. தூங்குனேன்."

அவள் சிரித்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார் போலிருந்தது. முகம் செத்துப்போயிற்று. அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டு, புருஷனுக்கே வேட்டு வைக்கிறவள், வீட்டுக்குள்ளேயே எதிரி என்று ஏதேதோ சொன்னாள். சவுண்டு பொத்தானைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் சாமான்களைக் கட்டினார். சிஸ்டர் பின்னாலேயே கேட் வரை போனாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்களுக்குத் தூக்கம் போச்சு, சரி. எனக்குப் பேர் போச்சே சிஸ்டர். மாவு மில்லு வரைக்கும் போச்சு. நீங்க இங்க கேட் கிட்ட நின்னு சாரி சொன்னா யாருக்குக் கேக்கும்?"

மறுநாள் காலை அவள் டியூட்டி முடிந்து வந்தபோது சூப்பர்வைசர் தயாராக உட்கார்ந்திருந்தார். எல்லா வயரும் இறுக்கப்பட்டு, முனைகளுக்கு மேல் டேப் சுற்றப்பட்டு, ரிசீவர் அலமாரியிலிருந்து இறங்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் செருப்பைக் கழற்றியதும் ரிமோட்டை அழுத்தினார். அதுவரை அந்த வீடு கேட்டிராத சத்தம். அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

அவளுக்கும் வீம்பு ஏறியது. உள்ளே போகவில்லை. யூனிஃபார்மோடு அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். படம் முடியும் வரை இருந்தாள். அடுத்த படம் போட்டார், அதற்கும் இருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நீயா நானா என்று பார்த்துவிடுவது என்றாகிவிட்டது. சமையல் நின்றது. ஆளுக்கொரு பொட்டலம் கடையில் வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார்கள்.

அந்த வாரமே வார்டில் அது நடந்தது. காலை மருந்து ரவுண்டில் ஒரு கட்டிலுக்குப் போட வேண்டிய இன்சுலினை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டாள். கையைத் துடைத்து, ஊசியைக் கிட்டே கொண்டுபோகும்போது அந்த அம்மா, எனக்குச் சர்க்கரையே கிடையாதே சிஸ்டர் என்று கேட்டார். கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருட வேலையில் அவள் கையில் அப்படி ஒன்று வந்ததில்லை. ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு, தலைமை நர்ஸிடம் தானே போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை. தூங்கிவிட்டு வா, தூங்காமல் இந்த வார்டுக்குள் கால் வைக்காதே என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறக்கும் முன்பே வாசற்படி அதிர்ந்தது. அவள் உள்ளே போகவில்லை. மாடிப்படி ஏறினாள். அண்ணி கதவைத் திறந்ததும், வா என்பதற்குக்கூடக் காத்திராமல் நேராகப் போய் அண்ணியின் கட்டிலில் படுத்தாள்.

"யாரைக் கேட்டுப் படுக்கற?" என்றாள் அண்ணி.

"யாரையும் கேக்கல. இன்னிக்கு ஒரு அம்மாவைக் கொல்லப் பாத்தேன் அண்ணி. தூங்கவிடுங்க, இல்ல என்னைப் புடிச்சு வெளிய தள்ளுங்க."

நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். அண்ணி நின்றுகொண்டே கேட்டாள். மாடியில் சத்தம் கீழே இருப்பதைவிட மோசமாக இருந்தது. தரை முழுவதும் ஒரு மத்தளம் மாதிரி அடித்தது. அலமாரிக் கதவின் கண்ணாடி கிணுகிணு என்று ஆடியது. மேஜை மேல் இருந்த மாத்திரை டப்பா தானாக நகர்ந்தது. அண்ணி அதை எடுத்து உள்ளே வைத்தாள், பழகிய கையால்.

"எனக்கு மட்டும் இது தேனா இனிக்குதா?" என்றாள் கடைசியில். "தம்பியாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். நான் யார்கிட்டப் போய் இடுக்கி கேக்கறது?"

முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே சினிமாச் சத்தம் நின்று அக்கா தம்பிச் சத்தம் ஆரம்பித்தது. சின்ன வயதில் யார் யாரைக் கிணற்றடியில் தள்ளிவிட்டார்கள் என்பது வரை போனது. உன் வீம்புக்கு ஆஸ்பத்திரியில் பிணம் விழ வேண்டுமா என்று அண்ணி கேட்டாள். அவர் என்ன பதில் சொன்னார் என்று சிஸ்டருக்குத் தெரியாது. அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.

சமாதானம் என்று ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். காலையில் ரிசீவரைப் போடுவதையும் நிறுத்தினார். அவள் மாடியில் அண்ணியிடம் படுத்துவிட்டு, எழுந்து வந்து சமைத்து வைத்தாள். அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவி அவருக்குப் பிடித்த பக்கம் அடுக்கினார். வாரக்கணக்கில் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நடு ஸ்பீக்கர் மட்டும் ஊமையாச்சே ஒரு நாள். வயரெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதை எப்படிப் பண்ண?"

"வயரைத் தொடவே இல்ல. ரிமோட்ல மெனுவுக்குப் போய் அந்த ஸ்பீக்கரே இல்லன்னு வெச்சுட்டேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அது எனக்குத் தோணாமப் போச்சே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது, வேலை தெரிந்தவனுக்கு வரும் வருத்தம். பிறகு பழையபடி வாயை மூடிக்கொண்டார்.

சவுண்டு விஷயத்தில் அவர் அசையவே இல்லை. காலரைப் பிடித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தக் கடை இருக்கும் பக்கமே நடப்பதை விட்டார். சிஸ்டர்தான் மாவு மில்லில், காய்கறிக் கடையில், மிக்ஸியைத் திருப்பி வாங்கிய வீட்டில் என்று ஒவ்வொரு இடமாகப் போய், தப்பு தன்னுடையது என்று தன் வாயாலேயே சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் அவள் முதுகுக்குப் பின்னால் புருஷனுக்கே குழி பறித்தவள் என்றார்கள். மிக்ஸிக்காரர், இப்போது புதுசு வாங்கிவிட்டோமே என்றார். நர்ஸுகள் அறையில் பழுதாகிக் கிடந்த ரேடியோவை அவள் சவுண்டிடம் எடுத்துப் போனாள். வாங்கி வைத்துக்கொண்டார், நன்றாகவே சரிசெய்தார். ஆனால் அடுத்த முறை வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றார். அதை மட்டும் தெளிவாக, சத்தமாகச் சொன்னார்.

மழைக்காலம் முடியும்போது சூப்பர்வைசர் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்தார். மகளைவிடக் கொஞ்சம் மூத்த ஒருவன் அங்கே மேனேஜர். அவனைத் திட்டிக்கொண்டே போனார், திட்டிக்கொண்டே வந்தார். பகலில் வீடு காலி. சிஸ்டர் தலையணையை மாடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து தன் கட்டிலில் படுத்தாள். சொல்லிக்கொண்டு போகவில்லை என்பதில் அண்ணிக்கு வருத்தம். அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கறுப்புப் பெட்டி திறந்த வாயோடு இருக்கும். சிஸ்டர் அறையிலிருந்து வருவாள், அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிக் குறைப்பாள். அவர் எழுந்து போய்ப் பெட்டியிலேயே திருகி ஏற்றுவார். கண்ணுக்கு நேராகப் பண்ணு, ஒளிந்து பண்ணாதே என்று அவர் ஒரு முறை கத்தியதிலிருந்து அவள் ஒளிவதில்லை. பார்க்கப் பார்க்கவே வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்வாள். அவர் அறை வாசலில் நின்று பாதிப் படத்தில் விட்டுவிட்டாய் என்று திட்டுவார். அவள் உள்ளிருந்தே பதில் கொடுப்பாள். இரண்டு பேர் குரலும் ஏறும்போது மாடியிலிருந்து அண்ணி துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டுவாள்.